சுவரில் தொங்கும் பட்டாளத்துத் தாத்தா: எந்த வருஷம், எந்தப் படை என்று கண்டுபிடிக்கும் வழி

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் ஆயா வீட்டுக் கூடத்தில், சாமிப் படங்களுக்குப் பக்கத்தில், சீருடை போட்ட ஒருவர் படம் தொங்கும். ஆயாவின் மூத்த அண்ணன். வெள்ளிக்கிழமை தவறாமல் கண்ணாடி மேல் குங்குமம் வைப்பார்கள். 'மிலிட்டரில இருந்தாரு' என்பதைத் தாண்டி வீட்டில் யாருக்கும் எதுவும் உறுதியாகத் தெரியாது. அம்மா நேதாஜி படை என்பார். சித்தி சீனச் சண்டை என்பார். கொருக்குப்பேட்டை மாமா மெட்ராஸ் ரெஜிமென்ட் என்று அடித்துச் சொல்வார். மூன்றும் தவறு.

அதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பதினான்கு மாதம் ஆனது. அதில் பாதி, எதை முதலில் செய்ய வேண்டும் என்று தெரியாமல் போன காலம். வரிசையாகச் செய்தால் நான்கு மாதத்தில் முடிகிற வேலை இது. செலவு ஆயிரம் ரூபாயைத் தொடாது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு படம் இருந்தால், நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் 'இதற்கு முன் இருக்க முடியாது'. வலது பக்கம் 'இதற்குப் பின் இருக்க முடியாது'. படத்தில் நீங்கள் பார்க்கும் ஒவ்வொன்றும் இந்த இரண்டில் ஒரு பக்கத்துக்குப் போகும். எந்தப் படமும் தன் தேதியை நேராகச் சொல்லாது. இரண்டு எல்லையையும் நெருக்கிக்கொண்டே போவதுதான் வேலை. வீட்டில் சொல்லும் கதைகளைக் கடைசிப் பக்கத்தில் தனியாக எழுதி வையுங்கள். அவை தேவைப்படும், ஆனால் முதலிலேயே உள்ளே விட்டால் கண் அதைத்தான் தேடும்.

1. படத்தைக் கழற்றும் முன்

துடைக்காதீர்கள். ஈரத்துணி, கொலின், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். நம் பக்கம் கடற்காற்று. அதோடு மழை வெள்ளத்தில் ஒருமுறையாவது நனைந்த வீடுகள்தான் அதிகம். பல படங்கள் சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிப் போயிருக்கும். உரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். ஒட்டியிருந்தால் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். ஒட்டவில்லை என்றால் மட்டும் பின்பக்க ஆணியை மெதுவாக நெம்பி, அட்டையை எடுத்து, படத்தின் ஓரத்தைப் பிடித்து வெளியே எடுங்கள். லாமினேஷன் கூடவே கூடாது. போட்டுவிட்டால் பின்பக்கம் என்ன எழுதியிருந்தாலும் அதோடு முடிந்தது.

ஸ்கேன் 600 டிபிஐ, கலரில், டிஃப் கோப்பாக வேண்டும் என்று கேளுங்கள். கருப்பு வெள்ளைப் படம்தானே என்று கடைக்காரர் கிரே மோடில் எடுப்பார்; பழுப்பின் சாயல், மை நிறம், பின்பக்க முத்திரையின் நிறம் எல்லாம் போய்விடும். முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் எடுக்கச் சொல்லுங்கள். மின்ட் பக்கம் ஒரு கடையில் எனக்கு ஒரு பக்கத்துக்கு 30 ரூபாய் ஆனது.

அடுத்தது டார்ச். அறையை இருட்டாக்கி, படத்தை மேஜையில் வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் மேஜையோடு ஒட்டிப் பிடித்து, செல்போனில் மேலிருந்து படம் எடுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத அழுத்து முத்திரை நிழல் விழுந்து எழும்பி வரும். எங்கள் படத்தின் கீழ் மூலையில் ஏதோ கறை என்று எழுபது வருஷமாக நினைத்திருந்த இடத்தில் ஒரு ஸ்டுடியோ முத்திரை இருந்தது. முதல் எழுத்துகள் தேய்ந்து, கடைசியில் 'ங்கூன்' என்று முடியும் ஆங்கில எழுத்துகள் மட்டும் தெரிந்தன.

இந்த இடத்தில் நான் செய்த பெரிய தவறைச் சொல்லிவிடுகிறேன். படத்தைத் தெளிவாக்கலாம் என்று ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தேன். இரண்டு நாளில் பளபளவென்று, கலர் போட்டுத் திருப்பித் தந்தார்கள். தோளில் இருந்த பித்தளை எழுத்துகளைக் கறை என்று நினைத்து அழித்திருந்தார்கள். மார்பில் இருந்த ரிப்பன்களுக்குப் பச்சையும் மஞ்சளும் பூசியிருந்தார்கள். அந்தப் பச்சையை நம்பி இரண்டு மாதம் தேடினேன். செல்போனில் 'என்ஹான்ஸ்' செய்யும் செயலிகளும் இதையேதான் செய்கின்றன. இல்லாத பேட்ஜை வரைகின்றன, இருக்கும் எழுத்தை வேறு எழுத்தாக்குகின்றன. வீட்டில் மாட்ட அழகாக இருக்கும். ஆராய்வதற்கு அசல் ஸ்கேன் மட்டும்தான்.

2. முகத்தைப் பார்க்கும் முன் முதுகைப் பாருங்கள்

பின்பக்கத்தில் கிடைப்பது பெரும்பாலும் முன்பக்கத்தில் கிடைப்பதைவிட உறுதியானது.

தபால் அட்டை போல் அச்சிட்ட பின்பக்கம் இருந்தால், தபால்தலை ஒட்டும் கட்டத்தைப் பாருங்கள். அங்கே 'ஆஸோ' (AZO) என்ற போட்டோத் தாள் பிராண்டின் பெயர் இருந்தால், அதைச் சுற்றி நான்கு சிறு முக்கோணங்கள் இருக்கும். நான்கும் மேல்நோக்கி இருந்தால் அந்தத் தாள் முதல் உலகப் போர்க் காலத்தையோ அதற்கு முன்பையோ சேர்ந்தது. இரண்டு மேலும் இரண்டு கீழுமாக இருந்தால் அதற்குப் பிந்தையது, 1920கள். தாளில் 'இந்து' (INDU) என்ற பிராண்ட் பெயர் அச்சாகியிருந்தால் அது ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரிப்பு. அங்கே உற்பத்தி தொடங்கியது 1967இல். அந்தத் தாளில் 1945 படம் இருந்தால், அது பிறகு போட்ட பிரதி.

ஸ்டுடியோ முகவரியும் பேசும். 'மெட்ராஸ்-13', 'மெட்ராஸ்-21' என்று வெறும் மண்டல எண் இருந்தால் 1972க்கு முந்தைய முத்திரையாக இருக்கவே வாய்ப்பு. ஆறு இலக்க பின்கோடு 1972 ஆகஸ்ட் 15இல்தான் வந்தது. விலை அணாவில் எழுதியிருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன். 'நயா பைசா' என்று இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடையில். 'தமிழ்நாடு' என்று அச்சாகியிருந்தால் 1969க்குப் பின் என்று எடுத்துக்கொள்ளலாம். பழைய முத்திரைக் கட்டையையே பல வருஷம் வைத்து அடித்த ஸ்டுடியோக்களும் உண்டு. அதனால் இவை இடது பக்கத்துக்கு, அதாவது 'இதற்கு முன் இருக்க முடியாது' என்பதற்குத்தான் பலமான சாட்சி. வலது பக்கத்துக்குப் பலவீனமான சாட்சி.

கையெழுத்தை உடனே நம்பாதீர்கள். எங்கள் படத்தின் பின்னால் நீல மையில் '1962' என்று இருந்தது. சித்தியின் சீனச் சண்டைக் கதை அங்கிருந்துதான் வந்தது. உற்றுப் பார்த்தால் அது பால்பாயின்ட் பேனா. உருண்டை முனை தாளை அழுத்திப் பள்ளம் செய்திருந்தது. சட்டம் போட்ட வருஷத்தை யாரோ குறித்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

3. இது பட்டாளம்தானா?

காக்கி போட்டவர் எல்லாம் சிப்பாய் இல்லை. வட சென்னையில் இது ரொம்ப முக்கியம். பெரம்பூர் ரயில்வேயில் வேலை செய்தவர்கள், துறைமுகக் காவல், மில் காவலர், தீயணைப்பு, போலீஸ், இரண்டாம் போர்க் காலத்து விமானத் தாக்குதல் எச்சரிக்கைப் பணியாளர், ஊர்க்காவல் படை, 1948க்குப் பின் என்.சி.சி. எல்லோருக்கும் காக்கியும் பெல்ட்டும் உண்டு. கல்யாண பேண்டு வாத்தியக்காரர்கள் தோளில் குஞ்சம் வைத்து, மார்பில் தகடு குத்தி, எந்த சுபேதாரையும் விட மிடுக்காக நிற்பார்கள். தெரிந்த ஒரு குடும்பம் இரண்டு வருஷம் தேடிய 'மேஜர் தாத்தா' கடைசியில் அருமையான கிளாரினெட் கலைஞராக இருந்தார். அதில் குறைவு ஒன்றுமில்லை. தேட வேண்டிய இடம்தான் வேறு.

தோளில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் முதல் சோதனை. 'எம் அண்ட் எஸ்.எம்.' என்று இருந்தால் ரயில்வே. பெல்ட் பக்கிளில் இருக்கும் எழுத்தையும் பாருங்கள்.

கூடவே படம் இடவலம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஆண்கள் சட்டையில் இடப்பக்கத் துணி வலப்பக்கத் துணியின் மேல் வரும். பதக்கங்கள் அணிபவரின் இடது மார்பில் இருக்கும். இரண்டுமே மாறியிருந்தால் நெகடிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்திருக்கிறார்கள். ஸ்கேனைத் திருப்பிவிட்டு ஆராயுங்கள். சட்டை சரியாக இருந்து பதக்கம் மட்டும் வலது மார்பில் இருந்தால், அவர் தன் தகப்பனாரின் பதக்கத்தை அணிந்திருக்கலாம். அப்போது நீங்கள் தேட வேண்டியவர் ஒரு தலைமுறை மேலே இருக்கிறார்.

4. தலையிலிருந்து கால் வரை

பெரிதாக்கிய ஸ்கேனை ஒரு ஓரத்திலிருந்து தொடங்கிக் கட்டம் கட்டமாகப் பாருங்கள். ஒரே பார்வையில் முழுப் படத்தையும் பார்த்தால் முகம்தான் தெரியும்.

முதலில் கிரீடமா, சிங்கமா? தொப்பி பேட்ஜ், பித்தான், தோள் ஆகியவற்றில் கிரீடம் இருந்தால் பிரிட்டிஷ் காலம், அல்லது 1950 ஜனவரி 26க்கு முன்னான இடைக்காலம். அசோகச் சிங்கம் இருந்தால் அதற்குப் பின். இந்த ஒன்று மட்டுமே படத்தை இரண்டு யுகமாகப் பிரித்துவிடும். அதிகாரிகளின் தோள் நட்சத்திரமும் அப்படித்தான். பழையது நான்கு முனை கொண்டது, குடியரசுக்குப் பின் வந்தது ஐந்து முனை.

கை மேல்பகுதியில் 'வி' வடிவப் பட்டை ஒன்று என்றால் லான்ஸ் நாயக், இரண்டு நாயக், மூன்று ஹவில்தார். முன்கையில், மணிக்கட்டுக்கு மேல் சின்னதாக இருக்கும் பட்டைகள் பதவி இல்லை. போர்ச் சேவை வருஷங்கள், நன்னடத்தை போன்றவற்றைக் குறிப்பவை. நான் முதலில் இதைக் குழப்பிக்கொண்டு தாத்தாவை ஹவில்தார் ஆக்கிவிட்டேன். குடும்பத்தில் 'ஜமேதார்' என்று சொன்னால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். 1965இல் அந்தப் பதவிப் பெயர் நாயப் சுபேதார் என்று மாறியது. அதனால் ஜமேதார் என்ற சொல்லே ஒரு வலது எல்லை.

தோள் எழுத்துதான் தங்கம். எங்கள் படத்தில் குங்குமம் சரியாக அங்கேதான் படிந்திருந்தது. கண்ணாடியின் வெளிப்பக்கம் உலர்ந்திருந்த குங்குமத்தை, படத்தை வெளியே எடுத்த பிறகு, கண்ணாடியை மட்டும் தனியாக வைத்து மெல்லிய தூரிகையால் தட்டி எடுத்தேன். படத்தில் தோள் பட்டையின் ஓரத்தில் வளைந்த பித்தளைத் தகடு. 'ஏ', 'எஸ்', 'சி' தெளிவாகத் தெரிந்தன. அதற்கு முன்னால் இரண்டு எழுத்துகள் வெளிச்சம் பட்டு வெளுத்திருந்தன. மெட்ராஸ் ரெஜிமென்ட் கதை அங்கே உடைந்தது. அது ஆர்.ஐ.ஏ.எஸ்.சி., ராயல் இண்டியன் ஆர்மி சர்வீஸ் கோர். லாரி, கோவேறு கழுதை, ரேஷன் என்று படைக்குச் சாமான் கொண்டுபோன பிரிவு. 'ராயல்' அதன் பெயரில் சேர்ந்தது 1935இல். எனக்கு இன்னொரு இடது எல்லை கிடைத்தது.

மெட்ராஸ் ரெஜிமென்ட் பற்றி ஒன்று. பழைய கர்நாடிக் காலாட்படைகளில் தோளில் எண் இருக்கும். 1922 மறுசீரமைப்பில் அவை மூன்றாம் மெட்ராஸ் ரெஜிமென்ட் ஆயின. 1920கள் முடிவதற்குள் அதன் வழக்கமான பட்டாலியன்கள் கலைக்கப்பட்டன. மீண்டும் எழுப்பப்பட்டது இரண்டாம் போரின்போதுதான். ஆகவே '1935இல் மெட்ராஸ் ரெஜிமென்டில் ஜவானாக இருந்தார்' என்று யாராவது சொன்னால், பிரதேசப் படையாகவோ மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். சாப்பர்ஸ்காரர்களை இன்றும் 'தம்பி' என்றுதான் அழைப்பார்கள். உருளை போல் எழும்பி நிற்கும் அவர்களுடைய தலையணி வேறு யாருக்கும் கிடையாது, பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

காசிமேடு, ராயபுரம் பக்கம் கடற்படைக்குப் போனவர்கள் உண்டு. மாலுமித் தொப்பியின் நெற்றிப் பட்டையில் 'எச்.எம்.ஐ.எஸ்.' என்று இருந்தால் 1934க்கும் 1950க்கும் இடையில். 'ஐ.என்.எஸ்.' என்றால் குடியரசுக்குப் பின். போர்க் காலத்தில் கப்பல் பெயரை மறைத்து, முன்னெழுத்தை மட்டும் போட்ட பட்டைகளும் உண்டு. பெயர் இல்லையே என்று சோர்ந்துவிடாதீர்கள். பெயர் இல்லாததே போர்க் காலத்தைக் காட்டலாம்.

துணி நிறம், காலில் சுற்றிய பட்டி, கால்சட்டை நீளம் ஆகியவற்றைக் கடைசியில் பாருங்கள். சீருடைகள் கிடங்கிலிருந்து பழையதாகவே வரும். அவை துணைச் சாட்சிகள் மட்டுமே.

நேரில் ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு அருகில் ஓர் இடம் இருக்கிறது. செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம். பழைய சீருடைகள், பதக்கங்கள், பேட்ஜ்கள் கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கின்றன. கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை. தலைமைச் செயலக வளாகம் என்பதால் அடையாள அட்டை கொண்டு போங்கள்.

5. ரிப்பன்கள்

மார்பில் பதக்கமே தொங்க வேண்டும் என்பதில்லை. பைக்கு மேல் விரலளவு துணிப் பட்டைகள் இருந்தாலே போதும். அவற்றின் நிறத்தைக் கருப்பு வெள்ளையில் ஊகிக்காதீர்கள். அந்தக் காலத்து ஃபிலிம்களில் ஒரு வகை சிவப்பை உணராது. சிவப்பு கருப்பாகவும் நீலம் வெளிறியும் விழும். கோடுகளை எண்ணுங்கள், அகலத்தை அளவிடுங்கள்.

எங்கள் படத்தில் இரண்டு ரிப்பன். முதலாவது மூன்று சம அகலப் பட்டை, ஓரத்திலிருந்து கருப்பு, நடுத்தரம், வெளிறல். இரண்டாவதில் நடுவில் அகலமான ஒரு பட்டை, இரண்டு பக்கமும் கருமை, அந்தக் கருமைக்குள் தலா ஒரு மெல்லிய கோடு. முதலாவது 1939-45 ஸ்டார்: கருநீலம், சிவப்பு, இளநீலம். இரண்டாவது பர்மா ஸ்டார்: நடுவில் சிவப்பு, ஓரங்களில் கருநீலம், அதற்குள் ஆரஞ்சு. பர்மா ஸ்டார் அறிவிக்கப்பட்டது 1945 மே மாதம். அதற்கு முன் யாரும் அணிந்திருக்க முடியாது.

அதுவரை ரங்கூன் முத்திரையைப் பார்த்து நான் '1941' என்று எழுதி வைத்திருந்தேன். ஜப்பான் படை 1942இல் ரங்கூனைப் பிடித்ததால், அதற்கு முன்தான் எடுத்திருக்க வேண்டும் என்று கணக்கு. ஒரு ரிப்பன் அந்தக் கணக்கை நான்கு வருஷம் தள்ளிவிட்டது. ரங்கூன் மீட்கப்பட்டதும் 1945 மே தொடக்கத்தில்தான். இரண்டும் கையோடு கை கோத்துக்கொண்டன.

மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். வானவில் நிறங்கள் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஓடும் ரிப்பன் முதல் உலகப் போரின் விக்டரி மெடல். காவி, வெள்ளை, பச்சை மூன்று சமப் பட்டை என்றால் 1947 சுதந்திரப் பதக்கம். ரக்ஷா மெடல், சமர் சேவா ஸ்டார் 1965 போருக்கு. பூர்வி ஸ்டார், பஸ்சிமி ஸ்டார், சங்கிராம் மெடல் 1971க்கு. சுதந்திர வெள்ளிவிழாப் பதக்கம் 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்கு. ஒரு ரிப்பன் இல்லை என்பதை வைத்து வலது எல்லை போடாதீர்கள். அறிவிப்பு வந்து ரிப்பன் துண்டு கைக்கு வர மாதங்கள் ஆகும், சிலர் வாங்காமலே விட்டார்கள்.

வீட்டில் பதக்கமே இருந்தால், அதன் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். முதல் போர்ப் பதக்கங்களிலும், இந்தியர்களுக்குக் கொடுத்த இரண்டாம் போர்ப் பதக்கங்கள் பலவற்றிலும், எண், பதவி, பெயர், பிரிவு விளிம்பில் வெட்டப்பட்டிருக்கும்; ஸ்டார் வடிவப் பதக்கம் என்றால் பின்பக்கத்தில். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். அந்த எழுத்து ஆழமில்லாதது.

6. டிரங்குப் பெட்டியும் பெரியவர்களும்

இப்போதுதான் வீட்டு ஆட்களிடம் போக வேண்டும். 'தாத்தா எந்த ரெஜிமென்ட்?' என்று கேட்டால் கதைதான் வரும். 'அவரு வரப்போ என்ன எடுத்துட்டு வருவாரு? மணியார்டர் எங்கேர்ந்து வரும்? எந்த ஸ்டேஷன்ல இறங்கி வருவாரு?' என்று கேளுங்கள். என் ஆயாவிடம் அப்படிக் கேட்டபோது, 'லாரி எண்ணெ வாசனையோட வருவாருப்பா, அந்தச் சட்டையத் தோய்க்கவே முடியாது' என்றார். அறுபது வருஷமாக யாரும் கேட்காத கேள்விக்கு வந்த பதில் அது.

தேட வேண்டிய காகிதங்கள்: டிஸ்சார்ஜ் சான்றிதழ், பென்ஷன் ஆர்டர், மணியார்டர் கூப்பன், கடித உறை, பழைய பாஸ்புக். உறையில் 'எஃப்.பி.ஓ.' என்ற முத்திரை களத் தபால் நிலையம். '56 ஏ.பி.ஓ.' என்ற ராணுவத் தபால் முகவரி இருந்தால் சுதந்திரத்துக்குப் பிந்தைய சேவை. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் சர்ச்சின் திருமணப் பதிவேட்டைக் கேளுங்கள். மாப்பிள்ளையின் தொழில் என்ற இடத்தில் பிரிவின் பெயரோடு எழுதியிருக்கும் பதிவுகள் உண்டு.

எதைக் கண்டாலும் முதலில் தேட வேண்டியது படை எண், அதாவது அந்த ஒரு சிப்பாய்க்கே உரிய எண். எண் இல்லாமல் அடுத்த படி நகராது. எங்களுக்கு அது மாமா வீட்டு அரிசி டிரம் அடியில், ரேஷன் கார்டுகளுக்கு நடுவில் மடித்து வைத்த பாதி டிஸ்சார்ஜ் தாளில் கிடைத்தது.

7. ஆவண அலுவலகத்துக்கு எழுதுவது

ஒவ்வொரு பிரிவுக்கும் தனி ரெக்கார்ட்ஸ் அலுவலகம். சென்னையில் ஒன்றும் இல்லை. எல்லாம் தபாலில் அல்லது இணையத்தில்தான். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரி வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ், பயோனியர் கோர், சர்வீஸ் கோரின் தென்பிரிவு ஆகிய மூன்றும் பெங்களூர். தளவாடங்களைப் பார்த்துக்கொள்ளும் ஆர்ட்னன்ஸும், வண்டி, இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஈ.எம்.ஈ.யும் செகந்திராபாத். பீரங்கிப் படை நாசிக் ரோடு, சிக்னல்ஸ் ஜபல்பூர், மருத்துவப் படை லக்னோ. கடற்படை மாலுமிகளுக்கு மும்பை, விமானப்படை வீரர்களுக்கு டெல்லி. எங்கே அனுப்புவது என்று சந்தேகம் இருந்தால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் படை எண்ணைக் காட்டிக் கேளுங்கள். நான் கேட்காமல், மாமா சொன்ன கதையை நம்பி வேறு ஓர் அலுவலகத்துக்கு முதலில் அனுப்பி, இரண்டு மாதம் வீணாக்கினேன்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மத்திய அரசின் ஆர்.டி.ஐ. இணையதளம் வழியே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 10 ரூபாய். நகல் ஒரு பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்குக் கட்டணம் இல்லை.

கேள்வியை எப்படி எழுதுகிறீர்கள் என்பதில் பாதி வெற்றி இருக்கிறது. 'இந்தப் படத்தில் இருப்பவர் யார்?' என்று கேட்காதீர்கள். எண், பதவி, பெயர், தகப்பனார் பெயர், ஊர் ஆகியவற்றை எழுதி, சேர்ந்த தேதி, விடுவிக்கப்பட்ட தேதி, பணியாற்றிய யூனிட்கள், உரிய பதக்கங்கள் என்று தனித்தனி எண்ணிட்டுக் கேளுங்கள். கடைசியில் கட்டாயம் ஒரு வரி: 'லாங் ரோல் பதிவின் நகல் வேண்டும்.' பென்ஷன் இல்லாமல் விடுவிக்கப்பட்டவர்களின் சேவைக் கோப்புகள் 25 வருஷத்துக்குப் பின் அழிக்கப்பட்டுவிடும். போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்ட நம் தாத்தாக்கள் பெரும்பாலும் அந்த வகை. லாங் ரோல் என்ற பேரேட்டு வரி மட்டும் நிரந்தரமாக வைக்கப்படுவது. இந்தச் சொல் தெரியாமல் 'சர்வீஸ் ரெக்கார்டு' என்று மட்டும் கேட்டால், 'அழிக்கப்பட்டுவிட்டது' என்ற ஒரு வரிப் பதிலோடு முடிந்துவிடும்.

அடுத்த சிக்கல் உறவுமுறை. தனிநபர் தகவல் என்று மறுக்க வழி உண்டு. அதனால் நேரடி வாரிசு பெயரில் அனுப்புங்கள். எங்கள் விஷயத்தில் மாமா, அதாவது படத்தில் இருப்பவரின் மகன், கையெழுத்துப் போட்டார். இறப்புச் சான்றிதழ், மாமாவின் பள்ளி மாற்றுச் சான்றிதழில் தகப்பனார் பெயர் உள்ள பக்கம், ஆதார் நகல் ஆகியவற்றை இணைத்தோம். இறப்புச் சான்றிதழை மாநகராட்சி இணையதளத்தில் இலவசமாக எடுக்கலாம். பழைய பதிவு அங்கே இல்லை என்றால் தண்டையார்பேட்டை, ராயபுரம் போன்ற உங்கள் மண்டல அலுவலகத்தில் தேடச் சொல்லி மனு கொடுக்க வேண்டும். இறந்த தேதியோடு சுடுகாட்டு ரசீது இருந்தால் வேலை வேகமாகும். இதற்கு மட்டும் ஒரு மாதம் ஒதுக்கி வையுங்கள்.

இங்கிலாந்து வம்சாவளி இணையதளங்களுக்குச் சந்தா கட்ட அவசரப்படாதீர்கள். அங்கே இருப்பது பெரும்பாலும் பிரிட்டிஷ் சிப்பாய்களும் அதிகாரிகளும். ஒரு சாதாரண இந்திய ஜவானின் சேவைக் கோப்பு அங்கே கிடைப்பது அரிது. நான் கட்டி இழந்தேன்.

8. பணியில் இறந்திருந்தால்

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். 1914 ஆகஸ்ட் முதல் 1921 ஆகஸ்ட் வரையும், 1939 செப்டம்பர் முதல் 1947 டிசம்பர் வரையும் பணியில் இறந்தவர்கள் பட்டியல் அது. உயிரோடு திரும்பியவர்கள் இதில் இருக்க மாட்டார்கள்.

பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடி விட்டுவிடாதீர்கள். முனுசாமி என்ற ஒரு பெயரே முனிசாமி, மூனூசாமி, முனுஸ்வாமி என்று வெவ்வேறாக இருக்கும். இனிஷியல் இருக்காது. பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிரிவின் பெயரும் கொடுத்துத் தேடி, தகப்பனார் பெயரையும் ஊரையும் வைத்து ஒப்பிடுங்கள். பர்மாவில் இறந்து கல்லறை தெரியாதவர்கள் பலர் பெயர் தாவுக்கியானில் உள்ள ரங்கூன் நினைவகத்தில் இருக்கிறது. மலேயா, சிங்கப்பூரில் இறந்தவர்களுக்கு சிங்கப்பூரின் கிராஞ்சியில் உள்ள நினைவகம். இங்கே நந்தம்பாக்கத்தில் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது.

9. 'நேதாஜி படையில் இருந்தார்'

வியாசர்பாடி, பர்மா பஜார் பக்கம் பர்மாவிலிருந்து வந்த குடும்பங்களில் இதை அடிக்கடி கேட்கலாம். பல வீடுகளில் அது உண்மையும்கூட. ஆனால் சீருடையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அந்தப் படையில் பலர் பிரிட்டிஷ் இந்தியப் படையின் காக்கியையே பேட்ஜை மாற்றி அணிந்தார்கள். கிரீடப் பேட்ஜோ பர்மா ஸ்டாரோ இருந்தால், அந்தப் படம் எடுத்த நாளில் அவர் எதிர்ப்பக்கம் இருந்தார் என்று அர்த்தம். காகிதச் சாட்சிக்கு, 1972இல் தொடங்கிய மத்திய அரசின் தியாகிகள் ஓய்வூதியம் வாங்கினாரா என்று பாருங்கள். அந்தக் கோப்பில் சக வீரரின் சான்று இருக்கும். தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தில் அந்தப் படை தொடர்பான கோப்புகளை இலவசமாகப் பதிவு செய்து பார்க்கலாம்.

எங்கள் வீட்டில் இந்தப் படி கஷ்டமாக இருந்தது. அம்மா நேதாஜி கதையைச் சொல்லிச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார். லாங் ரோல் நகலைக் காட்டியபோது வெகுநேரம் பேசவில்லை. காகிதத்தை உடனே காட்டாமல், ரிப்பன், முத்திரை, தோள் எழுத்து என்று நான் பார்த்த வரிசையிலேயே அவருக்கும் காட்டியிருக்க வேண்டும். உங்கள் வீட்டில் அப்படிச் செய்யுங்கள்.

10. முடித்த பிறகு எழுதி வைப்பது

அசல் படத்தைச் சுவரிலிருந்து எடுத்து, பிளாஸ்டிக் கவரில் போடாமல், அமிலமற்ற காகித உறையில் வைத்து, தரையிலிருந்து உயரமான அலமாரியில் வையுங்கள். வெள்ளம் வந்தால் கையில் எடுத்துக்கொண்டு ஓடுகிற இடத்தில் இருக்க வேண்டும். சட்டத்துக்குள் நகல் போதும். நகல் போட எனக்கு 150 ரூபாய் ஆனது. ஆயா அதற்கும் வெள்ளிக்கிழமை குங்குமம் வைக்கிறார்.

அசலின் பின்னால் பேனா படக்கூடாது. மென்மையான பென்சிலில், ஓரமாக, அழுத்தாமல் எழுதலாம். தெரிந்ததையும் வீட்டில் சொல்வதையும் ஒரே வரியில் கலக்காதீர்கள். நான் எழுதியது இது:

'ரங்கூன் ஸ்டுடியோ. 1945 மே முதல் 1946 நவம்பருக்குள். ஆர்.ஐ.ஏ.எஸ்.சி., சிப்பாய், டிரைவர். சேர்ந்தது 1942, விடுவிப்பு 1946 நவம்பர், லாங் ரோல் நகல்படி. தோள் எழுத்தில் கடைசி மூன்று மட்டும் படிக்க முடிகிறது. பின்பக்க 1962 பிறகு எழுதியது. வீட்டில் சொல்வது: நேதாஜி படை, மெட்ராஸ் ரெஜிமென்ட், ஆதாரம் கிடைக்கவில்லை.'